இரண்டு மைக்ரான்

“இது கெட்டி எஃகைக் குடையும், கிரைண்டிங் பண்ணும், அச்சைக் கழற்றாமலே அளந்தும் சொல்லிடும். இனிமே அளக்க ஆள் எதுக்கு முதலாளி?” என்றார் மெஷின் விற்க வந்த நெசு.

ஒசாகாவில் வார்ப்பு அச்சு செய்யும் பட்டறையின் முதலாளி குராமோச்சி சங்கடமாக நெளிந்தார். மெஷின் வந்தால், அளவு பார்க்கும் ஹிசாயேவுக்கு வேலை போய்விடும்.

மெஷினில் செய்து நெசு கொண்டுவந்திருந்த சாம்பிள் அச்சை ஹிசாயே அளந்தாள். “ரெண்டு மைக்ரான் கூடுதல்.”

“மெஷினே சரின்னு காட்டுதேம்மா!”

“பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தினா நூத்துக்கு நூறுதான்.”

நெசு கொதித்துப்போய், ஸ்பீக்கரைப் போட்டு மேனேஜரை அழைத்தார். “மெஷின் சரியா, இந்தம்மா சரியான்னு பார்க்க நம்ம நிபுணரை அனுப்புங்க சார்!”

“நம்மகிட்ட ஏதுப்பா? நம்ம மெஷின் செய்யற அச்சையே ஏஜென்ட் மூலமா வெளியில கொடுத்துதான் சரிபார்க்கறோம். சர்டிபிகேட்ல யார் முத்திரைன்னு பார்க்கறேன், இரு... ஒசாகா, குராமோச்சி பட்டறை, ஹிசாயே. அந்தம்மா சொன்னா அப்பீலே கிடையாது!”

குராமோச்சி அவசரமாக ஹிசாயேவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.