உதடு படாத டம்ளர்

வலியசாலை வீட்டுச் சமையலறையில், கூரை ஓட்டில் பதித்த கண்ணாடி வழியே பதினொரு மணி வெயில் ஸ்ரீகண்டனின் தட்டில் விழுகிறது. புற்றுக்காக அவருடைய இரைப்பையை முழுவதும் எடுத்து ஆறு வருஷமாகிறது. உணவுக்குழாயைக் குடலோடு தைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஓர் இட்லி. இன்று முதல் விள்ளலே நெஞ்சில் நிற்கிறது. யாரோ கூப்பிட்டதைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மனைவி வாலாம்பாள், கரண்டியைக் கீழே வைக்க மறந்து, அவர் தொண்டையையே பார்க்கிறாள். காலண்டர் ஆணியில் ஆஸ்பத்திரி அட்டை தொங்குகிறது. வருஷம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிய அட்டை. மூன்று வருஷமாக அதில் தேதி ஏறவில்லை. "வயறே இல்லை, பின்னே எதைப் பாக்கப்போறா?" என்று நிறுத்தியவர் அவர். கேட்டுச் சிரித்தவள் அவள்.

"அடைக்கறதோ?"

"ஒண்ணுமில்லை. சித்த ஜலம் தா."

டம்ளரை வழக்கம்போல் அண்ணாந்து தூக்குகிறார். பாதியில் கை நின்றுவிடுகிறது. ஜன்மத்தில் எச்சில் பண்ணிக் குடித்தறியாதவர், விளிம்பில் உதட்டை வைத்து ஒரு சொட்டு உறிஞ்சி, கண்ணை மூடி, அது இறங்கக் காத்திருக்கிறார். பிறகு இன்னொரு சொட்டு.

ஒரு மாசமாக அவர் தன் டம்ளரைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்ப்பது ஏன் என்று வாலாம்பாளுக்கு இப்போது தெரிகிறது.