படிகம் வந்த வழி

தாம்பரம் ஆய்வுக்கூடத்தில் புது ஜெர்மானியம் படிகத்தைப் பொருத்திய நாளிலிருந்து, ஹஃபீசாவின் கருவி எதிரில் ஒன்றுமே இல்லாதபோதும் கதிர்வீச்சு இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஏனென்று அவளுக்குப் பிடிபடவில்லை. மார்ச்சுக்குள் சரியான அளவு கிடைக்காவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாது.

“வித்தவன் ஏமாத்திட்டான். விடாதே, கேஸ் போடு!” என்றான் கணவன் அய்மான், தோசையைப் பிய்த்தபடி. சரக்கு ஏஜென்சி நடத்தும் அவன்தான் படிகத்தை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்திருந்தான்.

“கிளம்பறப்போ சுத்தமாத்தான் இருந்திருக்குங்க. வழியில வானத்துலேர்ந்து வர்ற கதிர் பட்டிருக்கணும். அது பட்டா படிகத்துக்குள்ள சில அணு மாறிப்போய், தானே கதிர் விட ஆரம்பிச்சிடும். அதுக்குத்தானே கப்பல்ல அடித்தட்டுல வைக்கச் சொன்னேன்? அங்க வச்சும் எப்படி இவ்ளோ பட்டுச்சுன்னுதான் புரியல. மேலே போகப் போகத்தான் அந்தக் கதிர் பல மடங்கு.”

அய்மானின் கை நின்றது.

“எவ்ளோ மேலே?”

“பிளேன் பறக்கிற உயரத்துல நூறு மடங்குக்கு மேல...” அவன் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க?”

“அந்தக் கப்பல் கிளம்பவே இல்ல, ஹஃபீசா. லேட்டானா நீ உடைஞ்சு போயிடுவேன்னு, யார் யார் காலையோ பிடிச்சு பிளேன்ல வரவழைச்சேன்.”

தோசை ஆறிப்போனது.

“இப்ப என்ன பண்றது?” என்றான்.

“ஆழமான சுரங்கத்துல வச்சிடணும். அங்க புதுசா கதிர் படாது. உள்ள உண்டானது ஒன்பது மாசத்துக்கு ஒருதடவை பாதியாக் குறையும். மூணு வருஷம் கழிச்சு, என் இடத்துக்கு வர்றவங்களுக்கு நல்லா வேலை செய்யும்.”