திரையில் சுழலும் க்ளெனிஸ்

ஹோபார்ட் நகரத் திரையரங்கில் இருட்டு. திரையில் பாடகர் உருகிப் பாடுகிறார். அவருக்குப் பின்னால், சுழலும் மேடையில் நிற்கும் என் தோழி க்ளெனிஸின் முகம் வீடு அளவுக்குப் பெருத்து மெதுவாகத் திரும்புகிறது. அதன்மேல் நீலமும் சிவப்பும் மாறி மாறி வழிகின்றன. உதடுகள் அசைகின்றன, குரல் இல்லை. குரல் இருந்த இடத்தைச் செல்லோ இசையால் அடைத்திருக்கிறார்கள். கன்னத்தில் ஒரு துளி இறங்க, முன்வரிசைக் கனவான்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். "பெண்ணின் ஆதித் துயரம்" என்று படத்துக்கு முன்னால் இயக்குநர் லாக்லன் பேசியது அவர்கள் காதில் இன்னும் இனிக்கிறது போலும். அந்த ஆதித் துயரத்துக்கு அழைப்பு கூட அனுப்பவில்லை. அது டிக்கெட் எடுத்து வந்து, என் பக்கத்து இருக்கையில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருக்கிறது.

"அதுல என்னடி சொல்ற?" என்று கேட்கிறேன்.

"லைட்ட அணைங்கடா, கண்ணு எரியுதுன்னு கத்துறேன். அப்படியே நில்லுங்க, அழகா இருக்குன்னான் அந்த டைரக்டரு."

முன்னிருக்கையிலிருந்து லாக்லனே திரும்புகிறார். திரையின் வெளிச்சம் க்ளெனிஸின் முகத்தில் முழுதாக விழுகிறது. அந்த முகத்தை அவர் நேராகப் பார்க்கிறார். அவருடைய கண்கள் கலங்கியிருக்கின்றன.

"கொஞ்சம் பேசாம இருங்கம்மா," என்கிறார். "அந்தப் பொண்ணோட முகத்தப் பாருங்க."