நாலு மணி ஜீரோ

மணி நாலாகப் போகிறது. இளவழகன் மேஜைத் தொலைபேசியை எடுத்து, லைன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மெல்லத் திரும்ப வைத்தான்.

லைன் இருந்தது. அவள் கூப்பிடுவாளா என்பதுதான் தெரியவில்லை.

செஞ்சியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் அவன் ஒப்பந்த ஊழியன். சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து தினமும் போனில் சொல்லும் கொரோனா எண்ணிக்கையைக் கணினியில் ஏற்றி மாவட்டத்துக்கு அனுப்புவது அவன் வேலை. ஒருவருக்கும் தொற்று இல்லையென்றால், இல்லை என்பதையும் கூப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஜீரோ ரிப்போர்ட் என்று பெயர்.

அவலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஜீரோ சொல்கிறவள் நர்ஸ் வெண்மதி.

நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். சந்தை நாளென்றால் அந்தக் குரலுக்குப் பின்னால் மாடு கத்தும். "இன்னிக்கும் ஜீரோதான் சார்" என்பாள், வைத்துவிடுவாள். அதற்காக இவன் காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு வருவான். போனில் பேச எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டால் அவனிடம் பதில் கிடையாது.

நர்ஸ்களை எல்லாரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளை மட்டும் அப்படிக் கூப்பிட இவனுக்கு வாய் வரவில்லை. அதனால் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இது இரண்டாம் அலையில் தொடங்கியது. ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத அந்த மே மாதத்தில், இறப்பு எத்தனை என்று கேட்டதற்கு, "ஒண்ணு சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்க நைனா" என்றாள்.

போனை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில், "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். எண்ணிக்கையைத் தவிர அவளோடு அவன் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

தொற்று அடங்கினால் தினசரி ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். அதோடு அந்தக் குரலும் நின்றுவிடும். எங்கேயோ ஒரு தேசத்தில் புதிதாக உருமாறிய வைரஸ் ஒன்று கிளம்பி, அதற்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள் என்றால், மறுபடியும் உத்தரவு வரும், குரலும் வரும்.

ஆகவே இளவழகன் உலக நடப்பைக் கவனிக்கிறவனாக ஆனான். சிங்கப்பூரில் ஏறுகிறதா, ஹாங்காங்கில் இறங்குகிறதா எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"ஊரே மறந்துபோச்சி, உனுக்கு மட்டும் இன்னாடா இந்த பயம்?" என்று மருந்தாளுநர் ரத்னம் கேலி செய்வார். பயம் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று இவனும் விட்டுவிட்டான்.

ஆசை என்று எப்படிச் சொல்வது? அவள் அப்பாவைக் கொண்டுபோன நோய் அல்லவா. நினைக்கும்போதே தன்மேல் அவனுக்கு அருவருப்பாக இருக்கும். இருந்தும் மேல்மலையனூர் அமாவாசைக்குப் போனவன் அங்காளம்மன் முன்னால் நின்று, வரட்டும் தாயே, ஒரு உயிருக்கும் சேதமில்லாமல், ஒரு போன் போட வைக்கிற அளவுக்கு மட்டும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டான். அம்மன் இப்படியொரு வேண்டுதலை அதுவரை கேட்டிருக்கமாட்டாள்.

ஒரு தடவை பஸ் ஏறி அவலூர்பேட்டைக்கே போனான். பஸ் நிறுத்தத்தில் ஒரு டீ குடித்தான். எந்த எண்ணிக்கையும் கையில் இல்லாமல் அவள் முன்னால் போய் நின்று என்ன பேசுவது? அதே பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

இந்த வருஷம் கோடையில் மறுபடியும் ஒரு புதிய வகை வந்தது, ரிப்போர்ட்டும் வந்தது. போன வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்று கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும், "நாளையிலேர்ந்து வேணாம், ஆர்டர் வந்துடுச்சி" என்று ஒழுங்காகச் சொன்னான்.

வெண்மதி கூப்பிட்டாள். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மற்ற எல்லா ஊரும் அடங்கிவிட, அவள் மட்டும் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். யாருக்கும் வேண்டாத ஒரு ஜீரோவை அவள் வேலை மெனக்கெட்டுச் சொல்ல, இவன் திருடனைப் போல வாங்கிக்கொண்டான். என்றைக்காவது யாராவது அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

போன் அடித்தது.

"இன்னிக்கும் ஜீரோதான் சார்."

அவளுக்குக் கேட்கட்டும் என்று, அணைந்து கிடந்த கணினியின் பொத்தான்களைப் படபடவென்று தட்டினான்.

அவள் வைக்கவில்லை.

"இன்னாத்துக்கு சார் சும்மா தட்டுறீங்க?" என்றாள். "ரிப்போர்ட் வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு பக்கத்து ஊரு நர்ஸ் மீனம்பாள் அக்கா எனக்கு மொத நாளே சொல்ட்டாங்க."

இளவழகனின் விரல்கள் அப்படியே நின்றன. முகமெல்லாம் சூடேறியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான், அவள் விடவில்லை.

"நாளைக்கும் நாலு மணிக்கே பண்றேன் சார்" என்றாள் வெண்மதி. "ஜீரோவ மட்டும் விட்டுட்டு வேற எதனா பேசலாம்."