எழுபத்தொன்பதாம் நம்பர் வீடு

"சார், பார்சல்ல டோர் நம்பர் இருக்கிற இடத்துல வெறும் இங்கிலீஷ் எழுத்தா இருக்கு. கீழ வந்து வாங்கிக்கிறீங்களா?"

"LXXIX-ம்மா. எழுபத்தொன்பது. எட்டாவது மாடி."

"மாடி புரியுது சார். அங்க பத்துக் கதவு இருக்கே, எல்லாத்துலயும் இதே மாதிரிதான எழுதியிருக்கு? முந்தாநாள் வேற வீட்டுல குடுத்துட்டுத் திட்டு வாங்கினேன்."

நாராயணஸ்வாமி போனை வைத்தார். கொண்டாப்பூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் அவர். பார்க்க கம்பீரமாக இருக்கட்டும் என்று எண்பது வீட்டுக் கதவுகளிலும் பித்தளையில் ரோமன் எண் பதிக்கச் சொன்னவர். விலாசத்தையும் அப்படியே எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவரும் அவரே.

"இந்த வாரத்துல நாலாவது தடவை இறங்கறேள்," என்றாள் மனைவி ருக்மிணி. "பழைய நம்பரையே போட்டுடலாமே?"

"எதுக்கு? அவாளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டா ஆச்சு."

ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் பிரியாணிப் பையோடு நின்றிருந்தாள் கமலா. மல்காஜ்கிரித் தமிழ்ப் பெண். மூன்று மாதமாக இந்தப் பக்கம் டெலிவரி வேலை.

"இங்க பாரும்மா. X-னா பத்து, L-னா ஐம்பது. L-க்கு முன்னால X வந்தா ஐம்பதுல பத்து குறையும். அப்ப XL எவ்வளவு?"

"சட்டை சைஸ் சார்."

"நாற்பதும்மா. சரி, LX?"

"அதுவும் நாற்பதுதான? அதே ரெண்டு எழுத்துதான இருக்கு?"

கால் மணி நேரம் போனது. காகிதத்தில் இடமில்லை. "ஹவ் சார், ஹவ் சார்" என்று அந்த ஊர் வழக்கில் ஆமாம் போட்டுப் பொறுமையாகத் தலையாட்டிய கமலா, கடைசியில் LXXIX-ஐ எண்பத்தொன்று என்றாள். அந்தக் குடியிருப்பில் அப்படி ஒரு வீடே கிடையாது.

"விடும்மா," என்று சிரித்துவிட்டார் நாராயணஸ்வாமி. "இனிமே எல்லாரும் கீழ வந்தே வாங்கிக்கட்டும். இன்னிக்கே சங்கத்துல சொல்லிடறேன்."

ஆறிய பிரியாணியோடு அவர் உள்ளே போனார். அதுவரை ஓரமாக நின்றிருந்த கணேஷ்குமார், அன்றுதான் டெலிவரி வேலையில் சேர்ந்தவன், தன் பார்சலைக் காட்டினான்.

"அக்கா, LXIV-ன்னு போட்டிருக்கு. உங்களுக்கும் தெரியாதா?"

"அறுபத்துநாலு. ஏழாவது மாடி, படியேறினதும் இடது பக்கம் நாலாவது கதவு," என்றாள் கமலா, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "ஆனா உனக்குப் படிக்கத் தெரியாது, ஞாபகம் வெச்சுக்கோ. டெலிவரிக்காரங்க லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கார் அந்த சார்."