பதினாலாம் இருக்கை

பல பேருடைய இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் நிறுவனம் அது. எந்தத் தளத்தால் பாரம் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது ரெபேக்காவின் வேலை. ஒரு பஸ் டிக்கெட் தளத்தின் டேட்டாபேஸ் மட்டும் மூன்று நாளாகக் காலையில் திணறியது. தோண்டிப் பார்த்தாள். எல்லா ஊர் பஸ்களின் பயணிகள் பட்டியலிலும் ஒரே பெயரை யாரோ விடாமல் தேடிக்கொண்டிருந்தார்கள்: செண்பகவல்லி. தேடல் வந்தது தள முதலாளியின் சொந்த அலுவலகத்திலிருந்து.

அவருக்குப் போன் செய்தாள். "சார், உங்க ஆபீஸ்லேர்ந்துதான் லோடு ஏறுது."

"என்ன தேடறோம்னு பார்த்தீங்களா?" என்றார்.

"இல்ல சார்." ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தேடல் சட்டென்று நின்றது. பெயர் அகப்பட்டுவிட்டது: மறுநாள் ஓசூர் பஸ், பதினாலாம் இருக்கை, பக்கத்தில் கைபேசி எண். ரெபேக்கா மாடிப்படிக்குப் போய் அந்த எண்ணை அழைத்தாள்.

"அம்மா, நாளைக்கு அந்த பஸ்ல ஏறாதீங்க. உங்களைத் தேடறாங்க."

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்:

"இந்தத் தடவை பொம்பளைய விட்டுப் பேசச் சொன்னாரா?"