விரிசலின் நுனி

மைனாட் விமானத்தளத்தில் பனி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. அறுபது வயது தாண்டிய குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்குக் கீழே, ஏணியில் நிற்கிறாள் மெக்கானிக் மார்லிஸ். சென்ற பயணம் முடிந்ததும் இறக்கையில் கண்ட விரிசலின் நுனியில் அவளே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தாள். விரிசல் அதைத் தாண்டியிருந்தால் விமானம் இன்று போருக்குப் போகாது. அதை ஓட்டும் அவள் மகன் டெரெக்கும் போகமாட்டான். அவன் தலைக்கவசத்தோடு கீழே காத்திருக்கிறான்.

"எண்ணெய் ஒழுகுதும்மா."

"ஒழுகலேன்னாத்தான்டா பயப்படணும். உள்ள எண்ணெயே இல்லேன்னு அர்த்தம்."

"இந்தக் கெழவி நம்ம ரெண்டு பேரையும் பொதைச்சிட்டுத்தான் அடங்குவா." அவன் விமானத்தைத் தட்டிச் சிரிக்கிறான்.

மார்லிஸ் கையுறையைக் கழற்றி விரிசலைத் தடவுகிறாள். அது கோட்டைத் தொட்டபடியே நிற்கிறது, தாண்டவில்லை. மறுபடி தடவுகிறாள், இன்னும் கொஞ்சம் அழுத்தி. பிறகு இறங்கி வந்து, மகனின் முகத்தைப் பார்க்காமல், கட்டைவிரலை உயர்த்துகிறாள்.